மண்ணெல்லாம் துப்பு... நம்மூர்ச் சின்னத் துப்பறிவாளர் எங்கே?

கீழடிக்குச் சிறார் நாவல் வந்துவிட்டது. கொடுமணலும் அறச்சலூரும் சிவன்மலையும் சுற்றி நிற்கும் காங்கேயத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று எப்போது வரும்?

சிவன்மலையில் சுப்பிரமணியரைக் கும்பிட்டு வெளியே வருகிற கூட்டம் நேராக ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய் நிற்கிறது. கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கி உள்ளே பார்க்கிறான் ஒரு பையன். பத்து வயதிருக்கும். பின்னால் அவனுடைய அம்மாயி, ஒரு கையில் தேங்காய்ப் பை, இன்னொரு கையில் அவனுடைய சட்டைக் காலர்.

“இதை யாருங்கம்மாயி வெச்சாங்க?”

“ஆருக்கோ கனாவுல ஆண்டவன் வந்து சொல்லியிருப்பாரு கண்ணு. அதான் வெச்சிருக்குது.”

“எதுக்குங்?”

“அது போகப் போகத்தான் தெரியும்.”

“கனாக் கண்டவரு பொய் சொல்லியிருந்தா?”

அம்மாயி அவன் தலையில் லேசாகத் தட்டினார். “பூக் கேட்டுத்தான் வெப்பாங்க சாமி. நட, பொங்கச்சோறு தீந்துரும்.”

ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பற்றிக் கொங்கு நாட்டுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்தர் ஒருவரின் கனவில் ஒரு பொருள் சொல்லப்படும். அவர் கோயிலுக்கு வந்து தெரிவிப்பார். சந்நிதியில் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும்வரை அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், துப்பாக்கி, சைக்கிள், ஏர்க்கலப்பை என்று எத்தனையோ பொருள்கள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்று வைக்கப்படும்போதும் காங்கேயம் டீக்கடைகளில் விவாதம் சூடு பிடிக்கும். மஞ்சள் விலை ஏறுமா, மழை வருமா, சண்டை வருமா?

நம்பிக்கை அவரவருக்கு. இங்கே நம் கவனம் அந்தப் பையன் மேல். யார் வைத்தது, எதற்கு வைத்தது, சாட்சி சொல்பவரை எப்படி நம்புவது என்று அடுத்தடுத்துக் கேட்டானே, வரலாற்றுத் துப்பறியும் கதைக்கு அதைவிட நல்ல வாசகன் வேறு யார்? அவன் கையில் கொடுக்க அப்படி ஒரு புத்தகம், அவன் ஊர் மண்ணை வைத்து, அவன் மொழியில் உண்டா என்று தேடிப் போனதில் எழுந்தது இந்தக் கட்டுரை.

திடீரென்று ஏன் இந்தப் பேச்சு?

‘பொன்னியின் செல்வன்’ படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்தபோது, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் துளைத்தெடுத்தார்கள். நாவலை எழுதிய கல்கி அந்த முடிச்சை முழுசாக அவிழ்க்காமலே விட்டுப்போனவர். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டாக மூடாமல் கிடக்கிற கொலை வழக்கு.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தது. அதே ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார், கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்குக் கிடைத்தது. வானம் பதிப்பகம் வெளியிட்ட இளையோர் நாவல். இன்றைய பையன் ஒருவன் கீழடிக்குப் போக, அங்கே பழங்காலத்துச் சிறுவன் ஆதன் அவனுக்கு எதிர்ப்படுகிறான். ஆதன் என்பது கீழடிப் பானை ஓடுகளில் கீறப்பட்டிருந்த பெயர். ஓட்டில் கிடந்த ஒரு பெயரை எடுத்து, அதற்குக் கைகால் கொடுத்து ஓட விட்டிருக்கிறார் உதயசங்கர்.

திருப்பூர்ப் புத்தகத் திருவிழாவில் ஓர் அம்மா கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “ஏனுங்க, கீழடி மாதிரி நம்ம பக்கத்துக் கதை ஏதாச்சும் பசங்களுக்கு இருக்குங்களா?” கடைக்காரர் தீரன் சின்னமலை வாழ்க்கை வரலாற்றை எடுத்துக் காட்டினார். “அது இருக்குதுங்க. கதையாட்ட, மர்மமாட்ட?” கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

கொடுமணல் முதல் அறச்சலூர் வரை

காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். இப்போது ஈரோடு மாவட்டம். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர் இதுதான் என்பது அறிஞர்கள் முடிவு. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தோண்டியது. பின்னர் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அதற்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டின. ஒரே ஒரு கல்லறையில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள். இன்னொன்றில் உடம்பெல்லாம் கல் பதித்த சின்னஞ்சிறு புலி. இரும்பு உருக்கிய உலை. நூல் நூற்ற தக்கிளி. பனியன் ஊரான திருப்பூரின் பாட்டன் பூட்டன் தொழில் அப்போதே நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துக் கீறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கண்ணன் ஆதன், பண்ணன், சம்பன் சுமணன் என்று ஆள் பெயர்கள். இதில் சம்பன் சுமணன் என்பது இந்தப் பக்கத்துப் பெயராகவே தோன்றவில்லை. வடக்கேயிருந்து வந்த வணிகனா? வந்தவன் திரும்பிப் போனானா?

கல்லுக்கு வருவோம். கொடுமணல் பட்டறைகளில் பட்டை தீட்டிய நீலக்கல் சிவன்மலையிலிருந்தும், பெரில் என்கிற பச்சைக்கல் படியூரிலிருந்தும் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆம், அந்தக் கண்ணாடிப் பெட்டி இருக்கிற அதே சிவன்மலை! அந்த மலையின் பாறை அபூர்வமானது. 1901லேயே ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து தனி அறிக்கையே எழுதியிருக்கிறார். நீலக்கல்லின் தாய்க்கனிமமான குருந்தம் அங்கே உண்டு. சூதுபவளம் குஜராத் பக்கத்துச் சரக்கு. அடர் நீல லாப்பிஸ் லசூலி ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்தது. நொய்யல் கரையில் உட்கார்ந்து கல்லில் துளை போட்டவர் கையில் பாதி ஆசியா புழங்கியிருக்கிறது. நல்ல பெரில் இந்தியாவுக்கு வெளியே கிடைப்பது அரிது என்று ரோமில் பிளினி எழுதி வைத்ததும் இந்தக் காலத்தை ஒட்டித்தான்.

இதைவிடப் பெரிய விருந்து காங்கேயம் - ஈரோடு சாலையில் இருக்கிறது. அறச்சலூர் நாகமலைக் குகையில் இருக்கும் தமிழிக் கல்வெட்டு, சுமார் கி.பி. 3ஆம் நூற்றாண்டு. 1960களின் தொடக்கத்தில் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஈரோடு புலவர் செ. இராசு. தமிழ்நாட்டின் மிகப் பழைய இசைக் கல்வெட்டு என்று அதைச் சொல்கிறார்கள். த, தை, தா, தே என்ற அடவுச் சொற்கள். வரிசைக்கு ஐந்து, ஐந்து வரிசை. இடமிருந்து வலம் படித்தாலும் வலமிருந்து இடம் படித்தாலும், மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ படித்தாலும் ஒரே சொல்வரிசைதான் வரும். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரம் பாம்பேயிலும் இதே மாதிரி ஐந்துக்கு ஐந்து எழுத்துச் சதுரம் ஒன்று கிடைத்தது. சாட்டர் சதுரம் என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். அதை வைத்து ஐரோப்பாவில் எழுதப்பட்ட மர்மக் கதைகள் ஒன்றிரண்டல்ல. அறச்சலூர்ச் சதுரத்தின் பக்கத்தில் காலை வேளையில் மேய்வது வெள்ளாடுகள்.

அதைவிட ஆச்சரியம், எழுத்தைக் கோத்தவர் தன் பெயரையும் அங்கேயே விட்டுப் போயிருக்கிறார். மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் நோட்டம் பார்ப்பவர். ரத்தினக்கல் நல்லதா போலியா என்று சோதித்துச் சொல்கிறவர். கல் சோதிக்கிற ஆளுக்கு மலைக்குகையில் ஆட்டச் சொல்கட்டோடு என்ன வேலை? யாருக்குச் சேதி விட்டுப் போனார்? ஆய்வாளர்கள் இதற்கு அடக்கமாக, ஆதாரத்தோடு பதில் சொல்வார்கள். ஒரு நாவலாசிரியருக்கு அங்கேயே முதல் அத்தியாயம் தயார்.

---

பெட்டிச் செய்தி: கதைக்கு ஆகும் இடங்கள்

படியூர்: காங்கேயம் - திருப்பூர் சாலையில் உள்ள ஊர். 1819, 1820 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே கடற்பச்சைக் கற்களைத் தோண்டி எடுத்தார்.

கத்தாங்கண்ணி: நொய்யல் பகுதியில் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்த ஊர். யார் புதைத்தார், ஏன் திரும்ப வந்து எடுக்கவில்லை?

ராசகேசரிப் பெருவழி: கோவை சுண்டக்காமுத்தூர் அருகே கல்வெட்டு பெயர் சொல்லும் பழைய நெடுஞ்சாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையை எட்டிய வணிகப் பாதை இந்தப் பக்கம்தான்.

ஓலப்பாளையம்: கண்ணபுரம் பகுதிச் சிற்றூர். கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் இங்கே தங்கி அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னாளில் அவரே அதைப் பிள்ளைகளுக்கான அனிமேஷன் தொடராகவும் படக்கதையாகவும் கொண்டுவந்தார்.

ஓடாநிலை: தீரன் சின்னமலையின் கோட்டை இருந்த ஊர். அறச்சலூர் பக்கம்.

---

சங்கர்லால் காலத்திலிருந்து...

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மர்மக் கதை புதிதல்ல. தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடித்துக்கொண்டே துப்பறிந்தார். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை இறக்குமதி செய்தது. 1984இல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. வாண்டுமாமா ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ வழியாகக் கோட்டை, குகை, மாயம் என்று ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டார். ஆனால் துப்பறிந்தவர்கள் கோட் போட்ட பெரியவர்கள். வரலாறு வந்தால் அது ராஜா காலத்துப் பின்னணித் திரை. பானை ஓடும் கல்வெட்டும் செப்பேடும் துப்பாக மாறி, அவற்றைப் பிள்ளைகளே படித்துப் புதிர் அவிழ்க்கும் கதை அரிதாகத்தான் வந்தது.

பெரியவர்களுக்கு அந்த வகை எழுதியவர்கள் உண்டு. கோகுல் சேஷாத்ரியின் ‘ராஜகேசரி’, ‘பைசாசம்’ போன்றவை கல்வெட்டுச் செய்தியை மர்மக் கதையோடு பின்னியவை. அதைச் சிறார் உயரத்துக்கு இறக்கித் தருகிற வேலைதான் மிச்சம். ‘சுட்டி விகடன்’, ‘கோகுலம்’ அச்சில் நின்றுபோனபின், தொடர்கதையாக எழுதிப் பார்க்கிற மேடையும் குறைந்துவிட்டது. வாரா வாரம் ‘தொடரும்’ போட்டுப் பிள்ளைகளைத் தவிக்க விடாமல் மர்மக் கதை எப்படி வளரும்?

மற்றவர்கள் செய்தது எப்படி?

ஜெர்மன் எழுத்தாளர் ஹென்றி வின்டர்ஃபெல்ட் 1953இல் எழுதிய நாவல் ஒன்றுக்கு வித்து, பாம்பேயில் கிடைத்த ஒரு கிறுக்கல். ‘கையஸ் ஒரு முட்டாள்’ என்ற பொருளில் யாரோ ஒரு வாண்டு சுவரில் கீறியது. அந்த ஒரு வரியிலிருந்து அவர் ரோமாபுரிப் பள்ளிக்கூடம் ஒன்றை உருவாக்கினார். கோயில் சுவரில் கிறுக்கிய குற்றத்துக்குச் சிறையில் போடப்பட்ட நண்பனைக் காப்பாற்ற அவனுடைய வகுப்புப் பையன்களே துப்பறிகிறார்கள். கையெழுத்தை ஒப்பிடுவதுதான் கதையின் மையம்.

கரோலின் லாரன்ஸ் 2001இல் தொடங்கிய ‘ரோமன் மர்மங்கள்’ வரிசை 17 நாவல்களாக நீண்டது. ஒஸ்தியா துறைமுகத்தில் நாலு பிள்ளைகள்: கப்பல் தலைவன் மகள், யூதப் பையன், ஆப்பிரிக்க அடிமைச் சிறுமி, நாக்கு அறுபட்ட பிச்சைக்காரச் சிறுவன். நாலு பேருக்கும் நாலு கதவு திறக்கும். பணக்கார வீட்டுக்குள் போக ஒருத்தி, குப்பைமேட்டுச் சேதி கொண்டுவர ஒருவன். துப்பு கிடைக்கும் விதமே அந்தச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வைச் சொல்லிவிடுகிறது.

நமக்கு இன்னும் பக்கம் வங்காளம். சத்யஜித் ராய் 1965இல் தன் குடும்பப் பத்திரிகையான ‘சந்தேஷ்’ஷில் ஃபெலுடாவை அறிமுகப்படுத்தினார். கோயில் சிற்பத்தை உடைத்து வெளிநாட்டுக்குக் கடத்தும் கும்பலை எல்லோராவரை துரத்தும் கதை ஒன்று அந்த வரிசையில் உண்டு. 1970களிலேயே வந்துவிட்டது. ஃபெலுடா கதைகளைத் தமிழில் பாரதி புத்தகாலயம் கொண்டுவந்திருக்கிறது. சிலைத் திருட்டென்றால் நமக்கு ஊருக்கு ஒரு வழக்கு இருக்கிறதே! ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படத் தொகுப்பு அது திருட்டுச் சிலை என்பதைக் காட்டிக்கொடுத்த சான்றுகளில் ஒன்று. 2014இல் சிலை திரும்பி வந்தது. பழைய புகைப்படத்தையும் சிலையின் தேய்மானத்தையும் வரிக்கு வரி ஒப்பிடும் வேலையை ஆறாம் வகுப்புப் பிள்ளை நம்மைவிட நன்றாகச் செய்யும். ஆறு வித்தியாசம் கண்டுபிடித்துப் பழகிய கண்கள்.

பெருமையா, கேள்வியா?

இந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு கிடைக்காமல் இல்லை. தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அது மாலையோடு வருகிறது. சிலை, ஃபிளெக்ஸ், ஆண்டு விழா, பேச்சுப் போட்டி. வீரர் பிறந்தார், வீரமாக வாழ்ந்தார், வீரமரணம் அடைந்தார். பத்து வயசுப் பிள்ளை கைதட்டலாம், கேள்வி கேட்க முடியாது.

வெள்ளையரை எதிர்த்த தீரன் சின்னமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்தவர். சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது ஆடிப்பெருக்கு அன்று என்று வட்டாரம் சொல்கிறது. புத்தகங்களோ 1805 ஜூலை 31 என்கின்றன. ஆனால் இப்போது ஆடி 18 வருவது ஆகஸ்ட் 2 அல்லது 3 தேதியில். அப்படியானால் ஊர் சொல்வது தப்பா, புத்தகம் சொல்வது தப்பா?

ஒரு பிள்ளை இதைத் துருவினால் என்ன ஆகும் தெரியுமா? நம் பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஒரு துளி நீளம். சுமார் 60 வருஷத்துக்கு ஒரு நாள் நழுவும். 200 வருஷத்தில் மூன்று நாள். ஆகஸ்ட் 3இலிருந்து மூன்று நாள் பின்னால் போனால் ஜூலை 31. இரண்டு தேதியும் ஒரே நாள்! செவிவழிச் சேதியும் புத்தகமும் கைகுலுக்கிக்கொள்கின்றன. நூறு மேடைப் பேச்சு கேட்டாலும் வராத சிலிர்ப்பு இந்த ஒரு கணக்கில் வரும். பிள்ளை அந்த நாளை இனி மறக்காது.

அடுத்த சேதி அவ்வளவு சுலபமில்லை. சமையல்காரர் காட்டிக்கொடுத்தார் என்கிறது கதை. வெள்ளையர் முகாமிலிருந்து செருப்புக்குள் ஒளித்துக் கடிதம் அனுப்பிய ஒற்றர் இருந்தார் என்கிறது. செருப்புக்குள் கடிதம்! எந்தச் சிறார் நாவலாசிரியரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் துப்பு. ஆனால் காட்டிக்கொடுத்தவர் உண்மையில் அவர்தானா, யார் சொன்னது, எப்போது முதல் சொல்கிறார்கள் என்று கதைக்குள் ஒரு பிள்ளை கேட்டால் என்ன ஆகும்? எந்தச் சாதிக்காரர் மனம் புண்படும் என்று எழுத்தாளர் முதலில் கணக்குப் போட வேண்டும்.

மிகையில்லை. திருச்செங்கோட்டின் பழைய கோயில் வழக்கம் ஒன்றை வைத்துப் பெருமாள்முருகன் 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெரியவர்களுக்கான நாவலுக்கே இந்தக் கதி என்றால், நாலாயிரம் ரூபாய் ராயல்டி கூடத் தேறாத சிறார் நாவலுக்காக யார் வம்பை விலைக்கு வாங்குவார்? அதனால்தான் பாதுகாப்பாக வீரவரலாறு எழுதுகிறார்கள். அது விழாக்களில் மொத்தமாக விற்கவும் விற்கும்.

என் பார்வையில் இதன் விளைவு புத்தக அலமாரியோடு நிற்பதில்லை. கேள்வி கேட்டுப் பழகாத பிள்ளை வளர்ந்து வாட்ஸ்அப் குழுவில் சேர்கிறது. பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய எங்கள் சாதிக் கல்வெட்டு என்று ஒரு படம் வந்தால், எழுத்து எந்தக் காலத்து எழுத்து, கல் எங்கே இருக்கிறது, யார் படித்தது என்று கேட்கத் தோன்றாமல் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறது. திருப்பணி என்று கோயில் சுவரில் மணல்வீச்சு இயந்திரத்தை ஓட்டிக் கல்வெட்டு எழுத்தை மழுங்கடித்த கதை தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் நடந்தது? பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவருக்காவது அந்தக் கீறல்கள் ஒரு ரகசியம் என்று சின்ன வயதில் யாராவது சொல்லியிருந்தால்? கொங்குக் காடுகளில் பழங்கால ஈமக் கல்வட்டங்கள் உழவிலும் குவாரியிலும் காணாமல் போகின்றன. ஒன்றைப் பாண்டியன் குழி என்று கைகாட்டுவார்கள். அதில் என்ன இருந்தது என்று கேட்டால் ‘புதையல்’ என்பார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். புதையல் கதை எழுதுகிறவர் கையில் பொறுப்பு இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் பிள்ளைகள் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதாக முடித்தால், அது திருட்டுக்குப் பாடம் நடத்திய மாதிரி. இடத்தை விட்டுப் பெயர்ந்த பொருள் பாதிச் சாட்சியத்தை இழந்துவிடுகிறது. நல்ல வரலாற்றுத் துப்பறிவாளன் பொருளைத் தொடாமல், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று குறித்துக்கொள்வான்.

---

பெட்டிச் செய்தி: தோட்டத்தில் பழம்பொருள் கிடைத்தால்?

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் சொல்லலாம். பொருளைக் கழுவுவது, தேய்ப்பது, அமிலம் போடுவது கூடாது. கிடந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது ஆய்வாளர்களுக்குப் பெரிய உதவி.

---

கன்றுக்குட்டியும் ஒரு துப்பு

வரலாறு என்றால் சேரன், சோழன் என்று ஏறித்தான் போக வேண்டுமா? காங்கேயம் மாட்டையே பாருங்கள். பிறக்கும்போது கன்று செவலை. ஆறு மாதம் ஆவதற்குள் நிறம் மாறிச் சாம்பல் படர்ந்துவிடும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் கறுத்துப் போகும். மாட்டுக்காரர்கள் நிறத்தை நம்புவதில்லை. சுழி பார்ப்பார்கள், பல் பிடித்து வயது சொல்வார்கள், கொம்பின் வளைவைப் பார்ப்பார்கள். இப்போது ஒரு கதை போடுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் பழையகோட்டைப் பக்கம் ஒரு கொறங்காட்டு மேய்ச்சலில் செவலைக் கன்று திருட்டுப் போகிறது. ஊரே செவலைக் கன்றைத் தேடுகிறது. ஏழு மாதம் கழித்துக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் சாம்பல் நிற மயிலைக் கன்று ஒன்று நிற்கிறது. மாடு மேய்க்கிற ஒரு சிறுமி மட்டும் அதன் முதுகுச் சுழியைப் பார்த்து நின்றுவிடுகிறாள்.

கைரேகை நிபுணர் தேவையில்லை, பூதக்கண்ணாடி தேவையில்லை. கிளுவை வேலியும் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கதை முதலில் பிடிபடும். நகரத்துப் பிள்ளை இரண்டாம் முறை படித்தால் போதும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் ஏனோலா ஹோம்ஸ் வழியாக லண்டன் சந்துகளை அறிந்து வைத்திருக்கிறார்கள். வெள்ளகோயில் தறிக்குடோன் சந்து அவர்களுக்குக் கதையில் வராத இடமாகவே இருக்கிறது.

யார் வாங்குவார் என்று பதிப்பாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கொப்பரைக் களத்திலும் அரிசி ஆலையிலும் பனியன் கம்பெனியிலும் ஷிப்ட் பார்க்கிற வீட்டில் கதைப் புத்தகத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குவது கஷ்டம். வாங்குகிற ஒரு சிலரும் இங்கிலீஷில் வாங்கினால் பிள்ளைக்குப் படிப்புக்கு ஆகும் என்று கணக்குப் பார்ப்பார்கள். பிள்ளைகளைச் சேர நிச்சயமான வழி அரசுப் பள்ளிதான். பள்ளிக் கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வகுப்புக்குள் போகின்றன. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளையின் படிக்கும் திறனை வைத்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. அந்தப் ‘பற’ அடுக்கில் வட்டாரத்துக்கு ஒரு வரலாற்று மர்மம் என்று வைத்துப் பாருங்கள். காங்கேயம் வட்டத்துப் பிள்ளைக்கு அறச்சலூர், விழுப்புரத்துப் பிள்ளைக்குச் செஞ்சி, தூத்துக்குடிப் பிள்ளைக்குக் கொற்கை. படித்து முடித்த கையோடு பஸ் ஏறிப்போய்ச் சம்பவ இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

திருப்பூர் வகுப்பறைகளில் பீகார், ஒடிசா பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் எழுதுகிறவர் மறக்கக் கூடாது. கொடுமணலுக்கு வந்த சம்பன் சுமணன் அவர்களுக்குச் சொந்தக்காரன் ஆனாலும் ஆவான். வேலை தேடி நொய்யல் கரைக்கு வந்தவர்களின் வரிசை இரண்டாயிரம் வருஷம் நீளமானது. நம் சின்னத் துப்பறிவாளர்களில் ஒருவருக்கு வீட்டில் போஜ்பூரி பேசுகிற அம்மா இருந்தால் கதை இன்னும் உறுதிப்படும்.

ஆற்றைக் கொன்றது யார்?

எல்லா வரலாறும் தமிழியில்தான் எழுதியிருக்க வேண்டும் என்றில்லை. கொடுமணலுக்குப் பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்கென்று 1992இல் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி நிற்கும் தொட்டி ஆகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது, தென்னை காய்ப்பு நின்றது, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுப்ரபாரதிமணியன் 1998லேயே ‘சாயத்திரை’ நாவலில் இந்தச் சாய நகரத்தை எழுதிவிட்டார். அது பெரியவர்களுக்கு.

பிள்ளைகளுக்கு இதை மர்மக் கதையாக எழுத என்ன குறை? மனுக்கள், ஆய்வறிக்கைகள், தீர்ப்புகள் என்று ஆவணம் மலையாகக் கிடக்கிறது. ஆற்றில் குளித்த அப்பாருக்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். எந்த வருஷம் மீன் செத்து மிதந்தது, எந்தக் கிழமை எந்தக் கலரில் தண்ணீர் வந்தது என்று கேட்டால் நாள் நட்சத்திரத்தோடு சொல்வார்கள். துப்புக்குப் பஞ்சமே இல்லை.

பஞ்சம் முடிவுக்குத்தான். துப்பைப் பிடித்துக்கொண்டே போகிற அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு சாயப்பட்டறை வாசலில் போய் நிற்கிறாள். அங்கே ஷிப்ட் முடிந்து நீலம் படிந்த கையோடு வெளியே வருகிறார் அவளுடைய அப்பா. அவளுடைய பள்ளிக்கூடத்து ஃபீஸ் அந்தச் சம்பளத்தில் கட்டியது. குற்றவாளி பட்டியலில் அவர் பெயரையும் எழுதுவதா என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிக்கிற பிள்ளைக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? கொங்கு நாட்டின் முதல் சிறார் வரலாற்று மர்ம நாவலை எழுதப்போகிறவர் முதலில் அதைச் சொல்லட்டும்.